பதிப்பகத்தில் தொழிற்பயிற்சி: கோலாலம்பூர் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழகத்தில் தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும் காலம் வந்துவிட்டால் எனக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்திகள் வரத் தொடங்கிவிடும். "அக்கா, பதிப்பகத்துக்குப் போகலாமா? அங்கே என்ன வேலை கொடுப்பாங்க?" பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருந்த சிறிய தமிழ்ப் பதிப்பகம் ஒன்றில் நான் ஐந்து மாதம் பயிற்சியில் இருந்தேன். அப்படியே இந்தத் தொழிலில் ஒட்டிக்கொண்டேன். இப்போது தனியாக இருந்து நூல்களுக்குச் செம்மை பார்த்துக் கொடுக்கிறேன். ஒரே பதிலைத் தட்டித் தட்டிக் கை வலிப்பதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன்.

பயிற்சி மாணவருக்கு உண்மையில் என்ன வேலை கொடுப்பார்கள்?

முதல் வாரம் பார்சல் கட்டச் சொல்வார்கள். கிடங்கில் புத்தகம் எண்ணச் சொல்வார்கள். ஒளிநகல், கூரியர், தொலைபேசி எல்லாம் வந்து சேரும். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. திரும்பி வந்த புத்தகக் கட்டுகளை எண்ணும்போதுதான் எது விற்கிறது, எது தூசி படிகிறது என்று தெரிகிறது.

ஆனால் ஐந்து மாதமும் அப்படியே போய்விடக் கூடாது. திங்கட்கிழமை ஒரு புத்தகத்தின் அட்டை, செவ்வாய்க்கிழமை இன்னொன்றின் மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படி), புதன்கிழமை மூன்றாவது ஒன்றின் விலைப்பட்டியல் என்று துண்டு துண்டாகப் பார்த்தால், புத்தகம் எப்படி உருவாகிறது என்பது கடைசிவரை பிடிபடாது. அதனால் முதல் வாரத்திலேயே பொறுப்பாளரிடம் போய், "இப்போ கையெழுத்துப் பிரதியா இருக்கிற ஒரு புத்தகத்தைக் கடைசி வரைக்கும் நான் கூடவே இருந்து பார்க்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். நான் அப்படிக் கேட்டு வாங்கியது ஒரு சிறுகதைத் தொகுப்பு. கீழே நான் சொல்லப்போகும் பாதி விஷயங்கள் அந்த ஒரு புத்தகத்தில் கற்றவை.

தமிழ் படித்தவர்களைத்தான் எடுப்பார்களா?

இல்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிலிருந்தும் வருவார்கள், தஞ்சோங் மாலிமில் உப்சியில் (சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம்) தமிழ் படித்தவர்களும் வருவார்கள். வடிவமைப்பு, கணக்கியல், தகவல் தொடர்பு படித்தவர்களும் வந்து நன்றாகச் செய்திருக்கிறார்கள். தமிழை வேகமாகவும் சந்தேகத்தோடும் படிக்கத் தெரிந்தால் போதும். அந்தச் சந்தேகம்தான் முக்கியம்.

மலாய் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நூலுக்கு எண் வாங்குவது, அச்சகத்தோடு பேசுவது, பள்ளிகளுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் மலாயில்தான் நடக்கும்.

எங்கே இடம் தேடுவது?

தமிழ்ப் பதிப்பகம் என்றால் இங்கே பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, தமிழ்ப்பள்ளிகளுக்குப் பயிற்சி நூல் போடும் நிறுவனங்கள். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பதால் அவர்களுக்கு நிலையான சந்தை உண்டு. 2021இல் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வை அரசு எடுத்துவிட்ட பிறகு, தேர்வுப் பயிற்சி நூல்களை நம்பியிருந்தவர்கள் வேறு மாதிரி யோசிக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று, கதை, கவிதை, கட்டுரை போடும் சிறிய பதிப்பகங்கள். பல இடங்களில் ஆசிரியர், பதிப்பாளர், ஓட்டுநர் மூவரும் ஒரே ஆள். ஒழுங்குமுறை கற்க முதல் வகை நல்லது. எல்லா வேலையையும் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவதுதான்.

தமிழோடு நிற்க வேண்டியதில்லை. 1956இல் தொடங்கிய அரசின் மொழி, நூல் நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தகா, மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம், ஆங்கிலப் பதிப்பகங்கள் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆள் பிடிக்க நல்ல இடம் உலக வணிக மையத்தில் நடக்கும் கோலாலம்பூர் அனைத்துலகப் புத்தக விழா. கடைக்காரர் ஓய்வாக இருக்கும் வேலை நாள் காலையில் போங்கள். சனி, ஞாயிறில் போனால் உங்களுக்குப் பேச்சு கிடைக்காது, பைதான் கிடைக்கும்.

பினாங்கில் இருக்கிறேன். கோலாலம்பூர் வந்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. பினாங்கில் தமிழ் அச்சு 19ஆம் நூற்றாண்டிலேயே வேர் விட்டது. இன்றைக்கு அங்கே அறிவியல் பல்கலைக்கழகத்தின் பதிப்பகம் இருக்கிறது. வரலாற்று நூல்களுக்குப் பெயர்போன அரேக்கா புக்ஸ் இருக்கிறது. 2011இல் தொடங்கிய ஜோர்ஜ் டவுன் இலக்கிய விழாவில் தன்னார்வலராக நின்றாலும் பதிப்பாளர்களின் அறிமுகம் கிடைக்கும். தமிழ் நூல் வேலைதான் வேண்டும் என்றால் தலைநகரில் வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான்.

அலவன்ஸ் தருவார்களா?

சில இடத்தில் உண்டு, சில இடத்தில் சாப்பாடு மட்டும். கேட்கக் கூச்சப்படாமல் சேர்வதற்கு முன்பே கேளுங்கள். மலேசியக் குடிமக்களுக்கு 50 ரிங்கிட்டில் 30 நாள் ரேபிட் கேஎல் ரயில், பேருந்து எல்லாம் ஏறும் மை50 பாஸ் உண்டு. அதை வாங்கினால் போக்குவரத்துச் செலவு பெரிதாகத் தெரியாது. அச்சகத்துக்குப் போகும் நாளில் மட்டும் கிராப் வண்டிக் காசு யார் தருவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மெய்ப்புப் பார்ப்பது என்றால் எழுத்துப்பிழை திருத்துவதுதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

அந்தச் சிறுகதைத் தொகுப்பில் 'கௌரவம்' என்ற சொல்லைத் தேடச் சொன்னார் எங்கள் பதிப்பக அக்கா. கணினி மூன்று இடம் காட்டியது. "கையால எண்ணிப் பாரு" என்றார். பதினோரு இடம்! மற்ற எட்டிலும் ஆசிரியர் கொம்பு போட்ட 'கெ'யையும் தனி 'ள'வையும் அடுத்தடுத்துத் தட்டி 'கெளரவம்' ஆக்கியிருந்தார். தாளில் பார்த்தால் வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. கணினிக்கு அது வேறு சொல். 'ஔவை'யை 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து 'ஒளவை' என்று தட்டுவதும் இதே கதைதான். பழைய நூலை வருடி எழுத்தாக மாற்றிய கோப்பு வந்தால் இன்னும் வேடிக்கை. துணைக்காலும் 'ர'வும் ஒன்றுபோல் இருப்பதால் 'காலம்' எல்லாம் 'கரலம்' ஆகியிருக்கும்.

இவை ஒரு பக்கம். ஒற்று மிகுமா மிகாதா என்பது இன்னொரு பக்கம். 'வாழ்த்துகள்' சரியா 'வாழ்த்துக்கள்' சரியா என்று இரண்டு தமிழாசிரியர்களை ஒரே அறையில் விட்டால் அன்றைக்கு வேலை நடக்காது. பதிப்பகம் எதைப் பின்பற்றுகிறது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மாதிரி இருப்பதுதான் வாசகருக்கு முக்கியம்.

அப்புறம் பொருள் பிழை. ஒரு கதையில் பாட்டி பத்தாம் பக்கத்தில் இறந்துவிடுவார், பதினாறாம் பக்கத்தில் தேநீர் கலக்குவார். அதை எழுத்தாளரிடம் பணிவாகச் சொல்வதும் இந்த வேலையில் சேர்த்திதான். "ஐயா, பாட்டி விஷயமா ஒரு சின்ன சந்தேகம்" என்றுதான் நான் தொடங்கினேன். அவர் பத்து விநாடி மௌனமாக இருந்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

நம் ஊர்த் தமிழைத் 'திருத்த' வேண்டுமா?

என் கருத்து: கை வைக்காதீர்கள். 'லயம்' என்று தோட்டத்துக் கதையில் வந்தால் அது வரிசை வீடு. தமிழ்நாட்டு மெய்ப்பாளர் ஒருவர் அதைத் தாள லயம் என்று நினைத்து ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தார். 'பசியாறிட்டு வேலைக்குப் போனார்' என்றால் இங்கே காலை உணவு முடித்துப் போனார் என்று பொருள். 'கிராணி' (தோட்ட எழுத்தர்), 'மங்கு' (கிண்ணம்), 'பால்மரம்' (ரப்பர் மரம்) எல்லாம் அந்தக் கதையின் உயிர். வெளியூர் வாசகருக்குப் புரியாது என்று கவலைப்பட்டால் நூலின் இறுதியில் சொற்பொருள் கொடுக்கலாம். அதையும் ஆசிரியரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

என்ன மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும்?

ஒருங்குறியில் (யூனிகோட்) வேகமாகத் தட்டச்சு. அதுதான் முதல் தேவை. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் செல்லினமும் நம் நாட்டிலிருந்து வந்தவை என்பதால் இங்கே பலருக்கும் அதில் கை பழகியிருக்கும். பழைய கோப்புகள் ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் வரும். மாற்றியில் போட்டு மாற்றிவிட்டு, வரி வரியாக மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

பக்க வடிவமைப்புக்கு இன்டிசைன். அதில் தமிழுக்கென்று ஒரு தந்திரம் உண்டு. பத்தி அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். முதல் நாள் என் திரையில் பக்கம் முழுக்க அப்படி வந்தபோது கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து வியர்த்துவிட்டது.

ஏன் எல்லோரும் 16 பக்கம், 16 பக்கம் என்கிறார்கள்?

ஓர் ஏ4 தாளை எடுத்து மூன்று முறை பாதி பாதியாக மடியுங்கள். விளிம்பை வெட்டாமல் லேசாகத் தூக்கிப் பார்த்து 1 முதல் 16 வரை பக்க எண் எழுதுங்கள். இப்போது விரித்துப் பாருங்கள். எண்கள் தலைகீழாகவும் தாறுமாறாகவும் கிடக்கும். 1க்குப் பக்கத்தில் 16, 4க்குப் பக்கத்தில் 13, 8க்குப் பக்கத்தில் 9. எந்தச் சோடியைக் கூட்டினாலும் 17 வரும். பெரிய தாளில் ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் எட்டு என்று இப்படித்தான் அச்சிடுகிறார்கள். மடித்து, அடுக்கி, முதுகில் பசை போட்டு, மூன்று பக்கம் வெட்டினால் புத்தகம். அந்த ஒரு மடிப்புக்கு ஃபாரம் என்று பெயர்.

எங்கள் தொகுப்பு முதலில் 195 பக்கம் வந்தது. 192 என்றால் சரியாக 12 ஃபாரம், உள்பக்கங்களுக்கு 24 பிளேட் (அச்சுத் தகடு). மூன்று பக்கம் கூடியதற்காக இன்னொரு ஃபாரம் போட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று பக்கத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு கதைகளின் கடைசிப் பக்கத்தில் மூன்று மூன்று வரிதான் இருந்தது. முந்தைய பக்கங்களில் இடைவெளியைச் சற்றே இறுக்கி அவற்றை உள்ளே இழுத்தோம். அணிந்துரைக்காரரிடம் ஒரு பத்தியைக் குறைக்கச் சொன்னோம். அணிந்துரைக்காரரிடம் பேசியதுதான் கஷ்டமாக இருந்தது.

நீங்கள் செய்த பெரிய தவறு?

முதுகு. புத்தகத்தின் முதுகு அகலத்தைக் கணக்கிட்டுத்தான் அட்டையை வடிவமைக்க முடியும். 192 பக்கம் என்றால் 96 தாள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) வெள்ளைத் தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன். ஆக 9.6 மில்லிமீட்டர். நான் அப்படிக் கணக்குப் போட்டு அட்டையை முடித்துக் கொடுத்தேன். பிறகு ஒரு கூட்டத்தில், கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று பழுப்பு நிறத் தாளுக்கு மாற்றினார்கள். அந்தத் தாள் உப்பலானது, தடிமன் கூடுதல். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாதிரிப் பிரதி வந்தபோது முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. நல்லவேளை, மாதிரியோடு நின்றது. அன்றிலிருந்து அச்சகத்தில் அதே தாளில் வெற்றுப் பிரதி ஒன்று கட்டித் தரச் சொல்லி, ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் அட்டைக்குப் போவேன்.

அச்சகத்துக்கு அழைத்துப் போவார்களா?

கேட்டால் அழைத்துப் போவார்கள். நாங்கள் போனது சான் சௌ லின் பக்கம் ஓர் அச்சகம். தவுக்கே (முதலாளி) சீனர். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அச்சான தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "அமோய், இந்த வரி மேலே ஏறியிருக்கு" என்று மலாயில் சொன்னார். முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை. நான் மூன்று முறை படித்தும் பார்க்காததைப் படிக்கத் தெரியாதவர் பார்த்துவிட்டார்.

அங்கே தாளின் நார் ஓடும் திசையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நார் முதுகுக்கு இணையாக ஓடினால் புத்தகம் மெத்தென்று திறக்கும். குறுக்கே ஓடினால் விறைத்துக்கொண்டு மூடப் பார்க்கும். நம் ஊர் ஈரக்காற்றில் தாள் நெளிவதும் அப்போதுதான் கண்ணில் தெரியும்.

ஐ.எஸ்.பி.என் எண் எப்படி வாங்குகிறார்கள்?

ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகம்தான் நூலின் இந்த அடையாள எண்ணை இங்கே கொடுக்கிறது. கட்டணம் இல்லை. மலேசிய நூல்களில் 978க்கு அடுத்து 967, 983 அல்லது 629 வரும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முதல் 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டி, அதோடு கடைசி இலக்கத்தையும் சேர்த்தால் பத்தின் மடங்கு வர வேண்டும். அட்டையை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. மென்னட்டைக்கு ஓர் எண், கெட்டி அட்டைக்கு வேறு எண், மின்னூலுக்கு வேறு எண். எதையும் மாற்றாமல் மறுஅச்சு போட்டால் பழைய எண்ணே போதும்.

அச்சான பிறகு, 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அச்சகத்தார், பதிப்பாளர் பெயரும் முகவரியும் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். முழுத் தமிழ் நூலில் அந்த வரிகள் மட்டும் ஏன் வேறு மொழியில் இருக்கின்றன என்று எனக்குச் சிறுவயதிலிருந்தே இருந்த சந்தேகம் அன்றுதான் தீர்ந்தது.

பழைய எழுத்தாளர்களின் நூலை யார் வேண்டுமானாலும் மறுபதிப்புச் செய்யலாமா?

செய்ய முடியாது. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். இந்தியாவில் 60 ஆண்டுகள். 1970இல் இறந்த ஒருவரின் நூலுக்கு இங்கே 2020 முடிவோடு உரிமை தீர்ந்துவிட்டது, அங்கே 2030 வரை இருக்கிறது. இங்கே அச்சிட்டுச் சென்னையில் விற்க நினைத்தால் சிக்கல் எங்கே வரும் என்று பாருங்கள்.

பலர் சென்னையில் அச்சடிக்கிறார்களே, ஏன்?

பிரதி ஒன்றுக்கு விலை குறைவு, தமிழ் தெரிந்த வடிவமைப்பாளர் எளிதில் கிடைக்கிறார். கப்பலில் வரக் காத்திருக்க வேண்டும், வந்த பிறகு பிழை தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நூறு, இருநூறு பிரதி என்றால் இங்கேயே டிஜிட்டலில் அடிப்பது உத்தமம். பிளேட் செலவு இல்லை. ஆனால் எண்ணிக்கை கூடக் கூட, பிளேட் வைத்து அடிக்கும் ஆஃப்செட்டில் குறைவதுபோல் பிரதி விலை குறையாது.

புத்தகம் விற்றுப் பணம் வருகிறதா?

கடைக்குக் கொடுத்தால் அட்டை விலையில் முப்பது, நாற்பது விழுக்காடு கடைக்கு. அதுவும் விற்றால்தான் காசு. எங்கள் பதிப்பகத்தில் உண்மையான விற்பனை நூல் வெளியீட்டு விழாவில்தான். டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் முதல் நூலை வாங்குவார், கையில் பணம் வைத்த ஓர் உறை இருக்கும். பின்னால் வரிசை நிற்கும். மண்டப வாடகையும் தேநீர்ச் செலவும் போக மிஞ்சுவதை அன்றிரவே எண்ணுவோம். அந்த மேசையில் நீங்கள்தான் உட்கார்ந்திருப்பீர்கள், அதனால் சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை எனக்கு முழுக்கப் பிடித்ததில்லை. உறைக்காக வாங்கப்பட்ட நூல் வீட்டில் திறக்கப்படுவதில்லை. ஆனால் அந்த உறைகள் இல்லாமல் அடுத்த புத்தகம் அச்சுக்குப் போயிருக்காது என்பதும் உண்மை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி மெய்ப்பாளர் எதற்கு?

பயன்படுத்திப் பாருங்கள், கோபம் வேண்டாம். தட்டச்சுப் பிழைகளில் பலவற்றைப் பிடிக்கும். கூடவே 'பசியாறி'யைத் 'திருத்தி'யும் வைக்கும். எழுத்தாளரின் அனுமதி இல்லாமல் வெளிவராத கையெழுத்துப் பிரதியை எந்தக் கருவியிலும் ஏற்றாதீர்கள். அது அவருடைய சொத்து.

என் கதைகளையும் போடுவார்களா?

பயிற்சிக் காலத்தில் கேட்காதீர்கள்.

முதல் நாள் என்ன கொண்டு போக வேண்டும்?

மில்லிமீட்டர் தெளிவாகத் தெரியும் இரும்பு ஸ்கேல், சிவப்புப் பேனா இரண்டு, பல்கலைக்கழகக் கடிதம், லாக் புக். லாக் புக்கில் 'மெய்ப்புப் பார்த்தேன்' என்று ஒரே வரியை இருபது வாரம் எழுதினால் விரிவுரையாளர் நம்பமாட்டார். எத்தனை பக்கம், என்ன மாதிரிப் பிழை, யார் முடிவெடுத்தார் என்று எழுதுங்கள். அப்புறம் ஒரு குளிராடை. கிடங்கு வெந்து கொண்டிருக்கும், கணினி இருக்கும் அறையில் ஏர்கோன் 18இல் ஓடும்.